ரீஃப் டேங்குக்கு கால்சியம் டோசர் வாங்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

டேங்க் வாங்கியாச்சு. உப்பு கலந்தாச்சு. லைட், ஸ்கிம்மர், வேவ்மேக்கர் எல்லாம் போட்டாச்சு. ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் டெஸ்ட் கிட்டில் பார்த்தால் கால்சியம் 360-க்கு இறங்கியிருக்கிறது. கடைக்காரர் "டோசர் போட்டுடுங்க சார்" என்கிறார். யூடியூபில் ஒருவர் கால்சியம் ரியாக்டர்தான் ஒரே வழி என்கிறார். நண்பரோ சுண்ணாம்புத் தண்ணியே போதும் என்கிறார்.

யார் சொல்வது சரி? மூன்று பேருமே சரியாக இருக்கலாம். உங்க டேங்க் ஒரு நாளைக்கு எவ்வளவு கால்சியம் சாப்பிடுகிறது என்பதைப் பொறுத்தது அது. அந்த எண் தெரியாமல் எந்தக் கருவி வாங்கினாலும் குருட்டாம்போக்குதான்.

கால்சியம் எங்கே போகிறது?

கல் பவளங்கள் தங்கள் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகின்றன. அதாவது சுண்ணாம்புக் கல். இதற்கு இரண்டு பொருள் வேண்டும்: ஒன்று கால்சியம், இன்னொன்று கார்பனேட். இந்த இரண்டாவது பொருளின் கையிருப்பைத்தான் காரத்தன்மை என்கிறோம். ஹாபி வட்டாரத்தில் 'ஆல்க்' என்பார்கள், டிகேஎச் அளவில் சொல்வார்கள். கல்லின் மேல் ஊதா நிறத்தில் படரும் கோரலைன் பாசியும் இதே இரண்டையும் எடுத்துக்கொள்ளும்.

இயற்கையான கடல் நீரில் கால்சியம் சுமார் 410 முதல் 420 பிபிஎம், காரத்தன்மை சுமார் 7 டிகேஎச், மக்னீசியம் 1,300 பிபிஎம்மை ஒட்டி இருக்கும். வீட்டு டேங்குக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு: கால்சியம் 400-450, காரத்தன்மை 7-9, மக்னீசியம் 1,250-1,400.

முக்கியமான விஷயம், இந்த இரண்டும் ஒரே விகிதத்தில்தான் குறையும். காரத்தன்மை 1 டிகேஎச் இறங்கும்போது கால்சியம் சுமார் 7 பிபிஎம் இறங்கும். 420-ல் 7 போனால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 8-ல் 1 போனால் பளிச்சென்று தெரியும். அதனால்தான் கால்சியம் டோசிங் செய்கிறவர்கள் தினசரி பார்ப்பது கால்சியத்தை அல்ல, காரத்தன்மையை. பவளங்களைப் படுத்துவதும் பெரும்பாலும் இதன் ஏற்ற இறக்கம்தான். கால்சியம் 400-ல் இருந்தாலும் 440-ல் இருந்தாலும் பவளம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. காரத்தன்மை ஒரே நாளில் 7-ல் இருந்து 10-க்குத் தாவினால் நுனி கருகும், திசு உரியும்.

முதல் வேலை: மூன்று நாள் சோதனை

கருவி எதுவும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்க. எல்லா டோசிங்கையும், நீர் மாற்றத்தையும் நிறுத்துங்க. திங்கள்கிழமை இரவு 9 மணிக்கு காரத்தன்மையைக் குறித்துக்கொள்ளுங்க. புதன்கிழமை அதே 9 மணிக்கு மறுபடியும் பாருங்க. அதே கிட், அதே நேரம். லைட் எரியும்போது பவளம் அதிகம் எடுக்கும், இரவில் குறைவாக எடுக்கும் என்பதால் நேரம் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பெயருக்கு 200 லிட்டர் டேங்க். கல், மணல், மேலே விட்ட இடம் எல்லாம் போக உண்மையில் 150 லிட்டர் தண்ணீர். திங்கள் 8.6, புதன் 7.4. இரண்டு நாளில் 1.2, அதாவது ஒரு நாளைக்கு 0.6 டிகேஎச். கால்சியத்தில் சொன்னால் ஒரு நாளைக்கு 4 பிபிஎம்முக்குக் கொஞ்சம் மேல். 150 லிட்டருக்கு சுமார் 0.64 கிராம் கால்சியம். உங்க டேங்க் தினமும் 1.6 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய 50 கிராம் சுண்ணாம்புக் கல் கட்டுகிறது என்று அர்த்தம்.

இந்த 0.6 என்ற எண்தான் உங்க ஷாப்பிங் லிஸ்ட். ஹாபியில் இருப்பவர்கள் நடைமுறையில் பின்பற்றும் பிரிவு ஏறக்குறைய இப்படி:

ஒரு நாளைக்கு 0.3 டிகேஎச்-க்குக் கீழே: மெஷின் தேவையில்லை. நீர் மாற்றமும், வாரத்தில் இரண்டு மூன்று முறை சிரிஞ்சில் அளந்து ஊற்றுவதும் போதும்.

0.3 முதல் 1 வரை: சுண்ணாம்புத் தண்ணீர், அல்லது இரண்டு பகுதிக் கரைசலும் டோசிங் பம்ப்பும்.

1-க்கு மேல்: இரண்டு பகுதி டோசிங். அல்லது அதோடு சுண்ணாம்புத் தண்ணீரும் சேர்த்து.

2-க்கு மேல், அதுவும் 400 லிட்டருக்கு மேற்பட்ட பெரிய டேங்க்: கால்சியம் ரியாக்டரை யோசிக்கலாம்.

நீர் மாற்றம் மட்டும் போதாதா?

போதும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டேங்கில் 7 டிகேஎச், புதிய உப்புத் தண்ணீரில் 9 டிகேஎச் என்று வையுங்க. 10% மாற்றினால் ஏறுவது வெறும் 0.2. வாரத்துக்கு 0.2 என்பது நம் உதாரண டேங்குக்கு எட்டு மணி நேரத் தீனி. நீர் மாற்றத்தின் வேலை வேறு: கழிவைக் குறைப்பது, மற்ற தாதுக்களைச் சரி செய்வது. அதைக் கால்சியம் சப்ளை என்று நம்ப வேண்டாம்.

வழி 1: சுண்ணாம்புத் தண்ணீர்

ஹாபி உலகில் 'கால்க்வாசர்' என்று ஜெர்மன் பெயரில் சொல்வது வேறொன்றும் இல்லை, சுண்ணாம்பு கரைத்துத் தெளிந்த மேல் தண்ணீர்தான். கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சுமார் 1.6 கிராம்தான் கரையும், மீதி அடியில் தங்கிவிடும். முழுதாகக் கரைந்த தெளிவு நீரில் சுமார் 800 பிபிஎம் கால்சியமும், அதற்குச் சமமான காரத்தன்மையும் இருக்கும். இரண்டும் சரியான விகிதத்திலேயே வருவதால் தனித்தனியாக அளக்கும் தலைவலி இல்லை.

டேங்கில் தினமும் ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக இதை ஊற்றுவதுதான் முறை. இதன் வரம்பும் அங்கேதான் இருக்கிறது: எவ்வளவு ஆவியாகிறதோ அவ்வளவுதான் ஊற்ற முடியும். நம் 150 லிட்டர் டேங்கில் தினமும் 2 லிட்டர் ஆவியானால், முழுக்கச் சுண்ணாம்பு நீர் விட்டால் 1.5 டிகேஎச் வரை கொடுக்கலாம். நமக்குத் தேவை 0.6, அதாவது 0.8 லிட்டர். தாராளமாகப் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஏசி போட்டு ஜன்னல் மூடிய ஃபிளாட்டில் நாம் விடும் கார்பன் டை ஆக்சைடு டேங்கில் கரைந்து பிஎச்சைக் கீழே இழுக்கும். சுண்ணாம்பு நீர் அந்தக் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு பிஎச்சை ஏற்றும். 7.8-லேயே சிக்கித் தவிக்கும் டேங்குகளுக்கு இது நல்ல மருந்து.

கருவி என்ன வேண்டும்? நீர் மட்டம் இறங்கினால் தானாக நிரப்பும் ஏடிஓ, அல்லது மணிக்கு இவ்வளவு மில்லி என்று சொட்டுவிடும் ஒரு தலை டோசிங் பம்ப். இரண்டில் பம்ப்தான் பாதுகாப்பு. ஏன் என்றால் இந்த நீரின் பிஎச் 12-க்கு மேல். ஏடிஓ சென்சாரில் ஒரு நத்தை உட்கார்ந்து, பம்ப் நிற்காமல் ஓடினால், 20 லிட்டர் டிரம் முழுக்க டேங்குக்குள் போய்விடும். காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் பால் மாதிரி இருக்கும். ஏடிஓ-வில்தான் விடுவேன் என்றால் இரண்டு சென்சார் உள்ளதை வாங்குங்க, டிரம்மையும் சின்னதாக வையுங்க.

வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பையோ, வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ போடலாமா? வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. உணவுத் தரம் அல்லது ஆய்வகத் தரம் என்று போட்ட கால்சியம் ஹைட்ராக்சைடு பவுடரையே வாங்குங்க. கலக்கும்போது கண்ணாடி, கையுறை கட்டாயம். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு விளையாட்டில்லை.

வழி 2: இரண்டு பகுதிக் கரைசலும் டோசிங் பம்ப்பும்

இன்று அதிகம் பேர் போவது இந்த வழியில்தான். ஒரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு. இன்னொன்றில் சோடியம் கார்பனேட் அல்லது பைகார்பனேட். இரண்டையும் தனித்தனிப் பம்ப் தலை மூலம், தனித்தனி நேரத்தில், சம்ப்பில் தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் சொட்டவிடுவது. ஒன்றாகச் சேர்ந்தால் அங்கேயே சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 15 முதல் 30 நிமிட இடைவெளி வையுங்க.

ரெடிமேடாக வாங்கலாம், வீட்டிலும் கலக்கலாம். அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி வெளியிட்ட அளவுகளைத்தான் உலகம் முழுக்க ஹாபியில் இருப்பவர்கள் பின்பற்றுகிறார்கள். லிட்டர் கணக்கில் சொன்னால், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 132 கிராம் ஒரு லிட்டரில். சோடியம் கார்பனேட் சுமார் 99 கிராம் இன்னொரு லிட்டரில். நம் உதாரண டேங்குக்கு ஒவ்வொன்றிலும் நாளைக்கு சுமார் 17 மில்லி போதும். கால்சியம் குளோரைடு கரையும்போது தண்ணீர் சூடாகும், பயப்பட வேண்டாம்; ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் கலக்காதீங்க.

ஒரு குறை: பவளம் சுண்ணாம்பை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் நிற்பது சாதாரண உப்பு. நம் டேங்கில் நாளைக்கு சுமார் 1.9 கிராம். மூன்று மாதத்தில் உப்பளவு 1 பிபிடி ஏறிவிடும். மாதாமாதம் உப்பளவைப் பார்த்து, நீர் மாற்றத்தில் சரி செய்தால் பிரச்சினை இல்லை.

இரண்டு பாட்டில் வேண்டாம் என்பவர்களுக்கு கால்சியம் ஃபார்மேட் அடிப்படையிலான ஒரே பாட்டில் கரைசலும் கிடைக்கிறது. பாக்டீரியா அந்த ஃபார்மேட்டைத் தின்று பைகார்பனேட்டாக மாற்றும். ஒரு தலைப் பம்ப்பே போதும். சின்ன டேங்குக்கு வசதி, பெரிய டேங்குக்குச் செலவு ஏறும்.

டோசிங் பம்ப்பில் என்ன பார்க்கணும்?

விளம்பரத்தில் ஆப் எவ்வளவு அழகு என்று காட்டுவார்கள். நீங்க கேட்க வேண்டியது வேறு.

கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? நம் ஊரில் இதுதான் முதல் கேள்வி. நேரமும் ஷெட்யூலும் கருவிக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும். வைஃபை இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். சில மலிவான பம்ப்கள் கரண்ட் வந்ததும் கணக்கை முதலில் இருந்து தொடங்கும். ஒரே நாளில் நாலு முறை கரண்ட் போனால் நாலு டோஸ் கூடுதலாகப் போகும். வாங்கியதும் வெறும் தண்ணீரை வைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்க.

எவ்வளவு சின்ன அளவு வரை துல்லியமாகத் தரும்? 17 மில்லியை 12 வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 1.4 மில்லி. குறைந்தபட்ச அளவே 5 மில்லி என்கிற பம்ப் இங்கே உதவாது. ஸ்டெப்பர் மோட்டார் உள்ளவை விலை கூடுதல், ஆனால் துல்லியமும் அமைதியும் அதிகம். படுக்கையறைக்குப் பக்கத்தில் டேங்க் என்றால் அந்த அமைதிக்குக் காசு கொடுக்கலாம்.

உள்ளே இருக்கும் குழாய் தனியாகக் கிடைக்குமா? உருளை அழுத்தி அழுத்தித் தள்ளும் அந்த ரப்பர் குழாய் தேயும். தேய்ந்தால் அளவு குறையும், ஒரு நாள் கசியும். ஸ்பேர் கிடைக்காத பம்ப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எத்தனை தலை? இரண்டு தேவை. மக்னீசியத்துக்கு மூன்றாவது இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. அது மெதுவாகத்தான் குறையும், மாதம் ஒரு முறை கையால் ஊற்றலாம். ஆனால் மறந்துவிடாதீங்க: மக்னீசியம் ரொம்பக் குறைந்தால் எவ்வளவு டோஸ் செய்தாலும் கால்சியமும் காரத்தன்மையும் நிற்காது.

மாட்டும்போது நான்கு விஷயம்

ஒன்று, டோசரை இன்வெர்ட்டர் லைனிலும் ரிட்டர்ன் பம்ப்பைச் சாதா லைனிலும் போடாதீங்க. கரண்ட் போனால் தண்ணீர் ஓடாமல் நிற்கும் சம்ப்பில் டோசர் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே லைனில் இருக்கட்டும். நின்றால் சேர்ந்தே நிற்கட்டும்.

இரண்டு, குழாயின் முனை தண்ணீருக்கு மேலே இருக்கணும். உள்ளே முங்கியிருந்தால் முனையில் சுண்ணாம்பு அடைக்கும், பம்ப் தேய்ந்திருந்தால் பாட்டில் முழுக்க உறிஞ்சிக்கொண்டு போகவும் வாய்ப்புண்டு.

மூன்று, பெரிய பாட்டிலில் மூன்று மாதத்துக்கு நிரப்பி வைக்காதீங்க. பம்ப் ஒரு நாள் நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று யோசிங்க. மேலே சொன்ன கார்பனேட் கரைசல் ஒரு லிட்டர் முழுக்க நம் 150 லிட்டர் டேங்கில் இறங்கினால், காரத்தன்மை கணக்குப்படி சுமார் 35 டிகேஎச் ஏறும். எதுவும் பிழைக்காது. ஒரு வாரத்துக்கு 120 மில்லி மட்டும் ஊற்றி வைத்திருந்தால் அதே விபத்தில் ஏறுவது 4. அடிதான், ஆனால் மீளலாம்.

நான்கு, கணக்கில் வந்த அளவில் பாதியில் தொடங்குங்க. ஒரு நாளில் 1 டிகேஎச்-க்கு மேல் ஏற்றாதீங்க. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒரு முறை டெஸ்ட். பம்ப் 10% பிசகினால்கூட நம் டேங்கில் ஒரு மாதத்தில் 1.8 டிகேஎச் நகர்ந்துவிடும். மெஷின் அளந்து ஊற்றும், அவ்வளவுதான். ஊற்றியது சரியா என்று பார்ப்பது உங்க வேலை.

வழி 3: கால்சியம் ரியாக்டர்

பவளத் துண்டு போன்ற அராகனைட் கற்கள் நிரம்பிய ஒரு குழாய். அதற்குள் டேங்க் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் போகும். பிஎச் 6.5-ஐ ஒட்டி இறங்கும்போது கற்கள் கரைந்து கால்சியமும் காரத்தன்மையும் சரியான விகிதத்தில் வெளியே வரும். உப்பு சேராது, பாட்டில் கலக்கும் வேலையும் இல்லை.

ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், சோலனாய்டு வால்வ், பிஎச் கன்ட்ரோலர், ஃபீட் பம்ப் எல்லாம் சேர்த்து வாங்கும்போது ஆரம்பச் செலவு டோசரைவிடப் பல மடங்கு ஆகும். சிலிண்டர் நிரப்பும் இடம் பக்கத்தில் இருக்கா என்று பாருங்க. மூடிய ஏசி அறையில் ஏற்கெனவே பிஎச் குறைவு என்றால் ரியாக்டர் அதை இன்னும் இறக்கும். 150 லிட்டர் டேங்குக்கு இது வாழை மரம் வெட்ட ஜேசிபி கொண்டுவருவது மாதிரி.

தண்ணீரில் ஒரு கோட்டை

எந்த வழியாக இருந்தாலும் கலக்கும் தண்ணீர் டிடிஎஸ் பூஜ்யமாக இருக்கணும். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ-வில் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரையோ தாதுவையோ திரும்பக் கலக்கும் வசதி இருக்கும். அந்தத் தண்ணீர் டேங்குக்கு ஆகாது. ஆர்ஓ-க்குப் பின்னால் டிஐ ரெசின் வைத்த தனி யூனிட்தான் சரி. கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் வாங்கி வையுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் பற்றிக் கடைகளில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் டோசரைவிட இது முக்கியம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கல் பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன. கருப்புப் பவளம், கடல் விசிறி, தீப் பவளம், ஆர்கன் பைப் பவளமும் அதில் உண்டு. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. நம் கடலில் இருந்து எடுத்த பவளத்தை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உயிருள்ள பவளம் மட்டுமல்ல, "லைவ் ராக்" என்று விற்கும் செத்த பவளக் கல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது.

"இது இம்போர்ட்டட் சார்" என்றால்? கல் பவளங்கள் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பிலும் உள்ளவை. முறையான அனுமதி ஆவணம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் 2024-ல் வந்தன. பரிவேஷ் இணையதளத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பில்லும் இறக்குமதிப் பத்திரமும் கையில் தராத கடையில் வாங்காதீங்க. சந்தேகம் இருந்தால் மாநில வனத்துறையிடம் முதலில் கேளுங்க.

இது வெறும் காகித விதி இல்லை. மன்னார் வளைகுடாவில் பல காலம் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அரண் போய் அலை நேராக அடித்ததில் மண் அரித்து, 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. நாம் மாதம் 50 கிராம் சுண்ணாம்பு கொடுத்து வளர்க்கப் பாடுபடும் அதே பொருளை அங்கே டன் கணக்கில் சூளையில் எரித்தார்கள்.

அப்போ என்னதான் வாங்கலாம்?

டேங்கில் இருப்பது சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென் பவளங்கள் மட்டும் என்றால், அவை கல் எலும்புக்கூடு கட்டுவதில்லை. மூன்று நாள் சோதனையில் எண் பெரும்பாலும் 0.3-க்குக் கீழேதான் வரும். டோசர் பணத்தை நல்ல டெஸ்ட் கிட்டிலும் டிஐ யூனிட்டிலும் போடுங்க.

சட்டப்படி ஆவணத்தோடு வைத்திருக்கும் கல் பவளங்கள் வளர்ந்து, எண் 0.3-ஐத் தாண்டினால், முதலில் சுண்ணாம்புத் தண்ணீரும் ஒரு தலைப் பம்ப்பும். ஆவியாகும் அளவு போதாமல் போகும் நாளில் இரண்டு தலைப் பம்ப்புக்கு மாறுங்க. பழைய பம்ப் சுண்ணாம்பு நீருக்கே தொடரும், வீணாகாது.

அடிக்கடி வெளியூர் போகிறவரா? அப்படியானால் விலை உயர்ந்த கருவியைவிட, வாரத்துக்கு மட்டும் நிரப்பிய சின்ன பாட்டில்தான் உங்களைக் காப்பாற்றும். பாட்டில் தீர்ந்து இரண்டு நாள் டோஸ் போகாவிட்டால் நம் உதாரண டேங்கில் குறைவது 1.2 டிகேஎச். அதைப் பவளம் தாங்கிக்கொள்ளும். 35 ஏறுவதைத்தான் தாங்காது.